அவுட்போர்ட் மோட்டார் திணறுகிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன்பும் பின்பும்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்ட் மோட்டார் கொஞ்சம் திணறினாலே நம் கை முதலில் கார்புரேட்டர் பக்கம்தான் போகும். ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்ப்போம். சரியாகாவிட்டால் கழற்றிக் கழுவுவோம். அதற்கும் சரியாகாவிட்டால் பெரிய ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு) போடலாமா, பெரிய கார்புரேட்டரையே மாட்டலாமா என்று யோசனை ஓடும். நான் பார்த்த வரையில், கோளாறு பல தடவை வேறெங்கோ இருந்திருக்கிறது: ஹோஸில், டேங்க் மூடியில், பம்ப்பில், பிளக்கில். அதனால் இங்கே பாகம் பாகமாகப் போகாமல், மோட்டார் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் (வேக லீவரோடு திறக்கும் காற்றுத் தகடு) எந்த இடத்தில் இருக்கும்போது கோளாறு வருகிறது? கார்புரேட்டருக்குள் ஐட்லிங்குக்கு ஒரு பாதை, த்ராட்டில் திறக்கத் தொடங்கும்போது அதன் ஓரத்திலுள்ள சிறு துளைகள், முழு வேகத்துக்கு மெயின் ஜெட் என்று பெட்ரோல் போகும் வழிகள் தனித்தனி. த்ராட்டில் நிலை தெரிந்தால் எந்த வழி அடைத்திருக்கிறது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். லீன் என்றால் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. ரிச் என்றால் பெட்ரோல் கூடிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு லோடில் இழுக்கும் இன்ஜினுக்கு இன்னும் ரிச்சாக, 12.5 முதல் 13 வரை இருந்தால்தான் சக்தியும் வரும், சூடும் அடங்கும்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனை அணைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து அளவெடுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்த இன்ஜினை எந்த ஜெட்டாலும் சரிசெய்ய முடியாது. அடுத்து ஸ்பார்க். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் பொறி நீலமாக, சத்தத்தோடு தாவ வேண்டும். மஞ்சளாகச் சோம்பி வந்தால் கோளாறு அங்கே இருக்கலாம்.

அப்புறம் பெட்ரோல். ஹோஸ் முனையிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப்படலமாக ஏதாவது தங்கினால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பெட்ரோலை எடுக்கும் குழாயும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலில் வார்னிஷ் போன்ற புளித்த வாடை வரும். அந்த வாடை வந்தால் புதுப் பெட்ரோல் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பதில் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். மூடிய இடத்தில் இந்த வேலை வேண்டாம். மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் சில விநாடிகள்கூட ஓட்டாதீர்கள், வாட்டர் பம்ப் இம்பெல்லர் கருகிவிடும்.

தண்ணீரில் வைத்தே செய்யும் இரண்டு சோதனைகள்

எந்த மோட்டாரானாலும் தண்ணீரில் இறக்கியதும் நான் முதலில் செய்வது இந்த இரண்டைத்தான். இவற்றுக்கு ஒரு கருவியும் தேவையில்லை.

ஒன்று, பல்ப் சோதனை. மோட்டார் திணறும் அதே வேகத்தில் ஒருவர் படகை ஓட்டட்டும், இன்னொருவர் ஹோஸில் உள்ள பிரைமர் பல்பை (கையால் பெட்ரோல் தள்ளும் ரப்பர் உருண்டை) அமுக்கட்டும். அமுக்க அமுக்க மோட்டார் உயிர் பெற்று இழுத்தால், பெட்ரோல் கார்புரேட்டர் வரைக்கும் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று அர்த்தம். கோளாறு பம்ப்பிலோ, ஹோஸிலோ, டேங்கிலோ இருக்கிறது. அந்த நேரத்தில் பல்பின் நிலையையும் கவனியுங்கள். ஒட்டிப்போய் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு. மூடியின் காற்றுத் திருகு திறக்காமல் இருக்கலாம், டேங்கின் உறிஞ்சு குழாயிலுள்ள வலையில் குப்பை இருக்கலாம். பல்ப் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. காற்று புகுவதைப் பிடிக்க, பம்ப்புக்குச் சற்று முன்னால் பெட்ரோலுக்கு ஏற்ற தெளிவான குழாய் ஒரு சாண் நீளத்துக்கு இணைத்து ஓட்டிப் பாருங்கள். குமிழிகள் வரிசையாகப் போவது கண்ணுக்குத் தெரியும். சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு, சோக் சோதனை. திணறும் வேகத்தில் சோக்கை (காற்றை மறித்துக் கலவையை ரிச் ஆக்கும் தகடு) ஒரு நொடி லேசாக இழுத்து விடுங்கள். எலக்ட்ரிக் பிரைமர் என்றால் சாவியை ஒரு தடவை அமுக்கினால் போதும். மோட்டார் தெளிந்து ஓடினால் அந்த வேகத்தில் அது லீன். இன்னும் அமுங்கிப் போனால் ரிச், அல்லது கோளாறு பெட்ரோல் பக்கமே இல்லை. இந்த ஒரு நொடி சோதனை, மணிக்கணக்காகக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதை மிச்சப்படுத்தும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சோக்கை உள்ளே தள்ளினால் அணைகிறது

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, ரேஸ் கொடுத்துப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது. இது ஐட்லிங்குக்கான ஸ்லோ ஜெட் பாதை அடைத்ததற்கான நேரடி அறிகுறி. கார்புரேட்டரிலேயே மிக நுணுக்கமான துளை இதுதான், அதனால் பழைய பெட்ரோலின் பிசின் முதலில் இதைத்தான் அடைக்கும். சிறிய ஃபோர்ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஒரு பருவம் சும்மா கிடந்தாலே இந்த நிலைக்கு வந்துவிடும்.

கழற்றித்தான் ஆக வேண்டும். டேங்கில் ஊற்றும் கிளீனர், லேசான பிசினுக்கு வேலை செய்யலாம், முழுதாக அடைத்த ஜெட்டுக்குச் செய்யாது. பெட்ரோலே போகாத துளைக்குள் கிளீனர் மட்டும் எப்படிப் போகும்? ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிரித்த பிறகே கிளீனரில் ஊறவையுங்கள். ஜெட்டுக்குள் எஃகுக் கம்பி விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். நைலான் இழை போதும். ஒவ்வொரு துளையிலும் ஸ்ப்ரே அடித்து, மறுமுனையில் எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள். எதிர்பாராத துளையிலிருந்து அது முகத்தில் பீய்ச்சும், கண்ணாடி கட்டாயம். எல்லாப் பாதையிலும் ஸ்ப்ரே தாராளமாக வந்தால்தான் சுத்தமானது என்று சொல்ல முடியும். வெளியே பளபளப்பது கணக்கில் இல்லை.

மாட்டியபின் ஐட்லிங் மிக்சர் ஸ்க்ரூவைச் செட் செய்வது. இதில் பலர் அவசரப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழும், அதன் பிறகு எந்தச் செட்டிங்கும் நிற்காது. அங்கிருந்து ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். உங்கள் மோட்டாரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். படகு தண்ணீரில் இருக்க வேண்டும், மோட்டார் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், கியரில் இருக்க வேண்டும். ஹோஸ் பைப் தண்ணீரில் நியூட்ரலில் வைத்துச் செட் செய்தால், படகில் இறக்கியதும் எல்லாம் மாறிவிடும். புகை வெளியேறும் வழியில் தண்ணீரின் எதிரழுத்தம் இருந்தால்தான் உண்மையான ஐட்லிங் தெரியும். காற்று நுழையும் இடத்திலுள்ள சைலன்சர் மூடியும் மாட்டியிருக்க வேண்டும். அதைக் கழற்றினால் கலவை லீன் பக்கம் போகும்.

இப்போது எட்டில் ஒரு சுற்று என்ற கணக்கில் லீன் பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி காத்திருங்கள், மோட்டாருக்கு மாற்றம் உறைக்க அவ்வளவு நேரம் ஆகும். ஒரு கட்டத்தில் கார்புரேட்டர் வாயில் 'டப்' என்று தும்மும். அது லீன் எல்லை. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓட்டம் கனத்து, புகை கூடி, உருட்டி உருட்டி ஓடும். அது ரிச் எல்லை. நடுவில் வைத்து, அங்கிருந்து ஒரு துளி ரிச் பக்கம் விடுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் லீன் என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். சில ஸ்க்ரூ பெட்ரோலை அளக்கும், சில காற்றை அளக்கும். உள்ளே திருகும்போது தும்மினால் அது பெட்ரோல் ஸ்க்ரூ. உள்ளே திருகும்போது கனத்தால் ஏர் ஸ்க்ரூ. ஐட்லிங் வேகத்தைச் சரிசெய்வது இதற்கெல்லாம் பிறகுதான்.

ரேஸ் கொடுத்ததும் தொங்குகிறது, தும்முகிறது

ஐட்லிங் அருமையாக இருக்கும். லீவரைத் தள்ளியதும் ஒரு நொடி மூச்சு நின்றதுபோல் ஆகி, தும்மி, பிறகு இழுக்கும். முதல் சந்தேகம், ஐட்லிங் மிக்சரை லீன் எல்லைக்கு மிக அருகில் விட்டுவிட்டோமா என்பது. நியூட்ரலில் இனிமையாகக் கேட்கும் செட்டிங் பெரும்பாலும் லோடில் லீன். கால் சுற்று ரிச் ஆக்கிப் பாருங்கள்.

அதில் மாற்றம் இல்லையென்றால் சிங்க் பாருங்கள். இரண்டு மூன்று கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் எல்லா த்ராட்டில் தகடுகளும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூட வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டு, இணைப்புக் கம்பியின் திருகுகளைத் தளர்த்தி, ஒவ்வொரு தகடும் தானாக முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, மூடிய நிலையிலேயே திருகை இறுக்குங்கள். பிறகு விரல்நுனியைத் தகடுகளில் வைத்து லீவரை மெல்ல அசைத்தால் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று விரலே சொல்லும். ஃபோர்ஸ்ட்ரோக்கில் இதை வேக்வம் கேஜ் வைத்துச் செய்வது நல்லது.

டூஸ்ட்ரோக்கில் இன்னொன்றும் உண்டு. லீவரைத் தள்ளும்போது இக்னிஷன் டைமிங்கும் சேர்ந்து முன்னேறும் மோட்டார்களில், டைமிங் எந்த இடத்துக்கு வரும்போது த்ராட்டில் திறக்கத் தொடங்க வேண்டும் என்று ஒரு குறி இருக்கும். அந்தக் குறி விலகியிருந்தால் ஸ்க்ரூவை எத்தனை தடவை திருப்பினாலும் தொங்கல் போகாது. கார்புரேட்டரைக் குறை சொல்லிக் கழற்றிய மோட்டார்களில் கடைசியில் இந்த ஒரு திருகுதான் காரணம் என்று முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள ஃபோர்ஸ்ட்ரோக் என்றால் அதன் டயாப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் வழிகிறது, பிளக் நனைந்து கறுக்கிறது

பல்பை அமுக்கியதும் கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் காரணம் ஃப்ளோட் என்ற மிதவையும், அது ஏறியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வும்தான். நீடிலின் கூம்பு முனையில் வளையமாகப் பள்ளம் இருந்தால் நீடிலையும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது கனத்து மூழ்கும். பழைய மோட்டார்களின் கார்க் ஃப்ளோட் பெட்ரோலை ஊறவைத்துக்கொள்ளும். பெரும்பாலான கார்புரேட்டர்களில், தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் கேஸ்கெட் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் வழிந்தால் டேங்கைப் பாருங்கள். காற்றுத் திருகை மூடி வெயிலில் வைத்த டேங்க் உப்பி, அந்த அழுத்தத்திலேயே பெட்ரோலை நீடிலைத் தாண்டித் தள்ளிவிடும்.

கார்புரேட்டர் வாயிலிருந்து சொட்டாமல் பனிபோலப் பின்னோக்கித் தெளித்தால் அது வேறு கதை. டூஸ்ட்ரோக்கில், கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கலாம், அல்லது மூடாமல் விலகி நிற்கலாம்.

ஐட்லிங் தானாக ஏறுகிறது, இறங்க மறுக்கிறது

எங்கோ கள்ளக் காற்று புகுகிறது. கார்புரேட்டர் கேஸ்கெட், இன்டேக் முகம், டூஸ்ட்ரோக் என்றால் கிராங்க் சீல். லீனான டூஸ்ட்ரோக் இப்படித் தானாக வேகமெடுப்பது ஆபத்தான அறிகுறி, ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து மறைக்கப் பார்க்காதீர்கள்.

முழு வேகம் வரவில்லை, அல்லது வந்து சிறிது நேரத்தில் இறங்குகிறது

எல்லா அறிகுறிகளிலும் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். மற்றவை தொந்தரவு தரும், இது இன்ஜினையே தின்றுவிடும்.

முதலில் மோட்டாரை அணைத்து, லீவரை முழுதாகத் தள்ளி, த்ராட்டில் தகடுகள் உண்மையில் முழுதாகத் திறந்து நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். கேபிள் நீண்டிருந்தால் முக்கால்வாசிதான் திறந்திருக்கும். அடுத்து பிரொப்பெல்லர். அதன் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம்) ஓர் அங்குலம் மாறினால் ஆர்பிஎம் தோராயமாக 150 முதல் 200 வரை மாறும். அதிக பிட்ச் உள்ள பிரொப்பெல்லர் மாட்டிய மோட்டார், ஜெட் எவ்வளவு சரியாக இருந்தாலும் தன் ஆர்பிஎம்மை எட்டாது.

வேகம் வந்து அரை நிமிடத்தில் இறங்கினால் கணக்கு எளிது. ஃப்ளோட் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீர்கிறது, வந்து நிரப்புவது போதவில்லை. பல்ப் சோதனையை இங்கேதான் கட்டாயம் செய்ய வேண்டும். டூஸ்ட்ரோக்கின் பெட்ரோல் பம்ப், கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் வேலை செய்யும் ஒரு டயாப்ரம்தான். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மெதுவேகத்தில் தெரியாது, முழு வேகத்தில் தெரியும்.

இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். ஒரு டூஸ்ட்ரோக் மோட்டாரில் இதே அறிகுறி. பல்பை அமுக்கிப் பார்க்காமல், லீன் என்று முடிவுகட்டி மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன். நடு வேகத்தில் புகை கூடியது, மேலே கொஞ்சம் தேறியதுபோல் இருந்தது. நீண்ட ஓட்டம் ஒன்றில் ஒரு பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஜெட்டில் குறையே இல்லை. ஹோஸின் உள்தோல் உரிந்து, உறிஞ்சும்போது மடங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்க ஹோஸ் புதிதுபோல இருந்தது. கிண்ணமே காலியாகும்போது ஜெட் பெரிதாக இருந்து என்ன பயன்? எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஓட்டும் டூஸ்ட்ரோக்கில் இதன் விளைவு இரட்டிப்பு. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சி மட்டும் குறைவதில்லை, பிஸ்டனுக்குப் போகும் எண்ணெயும் குறைகிறது. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்று எவ்வளவு சரியாகக் கலந்திருந்தாலும் அது போய்ச் சேர வேண்டுமே. அதனால் முழு வேகத்தில் சோக் சோதனை லீன் என்று காட்டினால், அடுத்த கணம் வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்புங்கள்.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடக்கிறது என்று தோன்றினால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குரிய கார்புரேட்டரை மட்டும் திறந்தால் போதும்.

பெரிய கார்புரேட்டர் போடலாமா?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருக்கும் மோட்டாரில் மட்டும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இதற்கு உண்மையான இடம் உண்டு. சில மோட்டார்களில் ஒரே இன்ஜினை இரண்டு குதிரைத்திறனில் விற்றிருக்கிறார்கள். 1974இல் வந்த ஜான்சன், எவின்ரூட் 9.9-உம் 15-உம் ஒரே 13.2 கன அங்குலம், அதாவது சுமார் 216 சிசி. யமஹாவின் டூஸ்ட்ரோக் 9.9-உம் 15-உம் ஒரே 246 சிசி. இப்படிப்பட்ட ஜோடிகளில் வித்தியாசத்தின் பெரும்பகுதி கார்புரேட்டரில் இருக்கும். ஆனால் அது மட்டுமே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாடல்களின் பாகப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கார்புரேட்டர், இன்டேக், ரீட், எக்ஸாஸ்ட், இக்னிஷன் என்று பாக எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எண் எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். படகின் தகட்டில் அனுமதித்த குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. பதிவும் காப்பீடும் புதிய திறனுக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

அப்படி ஜோடி இல்லாத மோட்டாரில், பொருந்துகிறதே என்று பெரிய வாய் கார்புரேட்டரை மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய் பெரிதானால் குறைந்த திறப்பில் காற்றின் வேகம் குறையும், அந்த வேகம்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. மேலே கொஞ்சம் கிடைக்கும், கீழே பிக்கப் போய்விடும். படகுக்கு முகம் தூக்கி மேலெழும் கணத்தில்தான் பிக்கப் மிகவும் தேவை.

ஜெட் எண்களில் கவனம். ஒரு நிறுவனம் துளையின் விட்டத்தை எண்ணாகப் போடும், இன்னொன்று அதன் வழியே ஓடும் அளவைப் போடும். ஒரே எண் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும், மோட்டார் ரிச் ஆகும், ஜெட் சிறிதாக வேண்டும். அதே மோட்டாரைக் கீழே கொண்டுவரும்போது பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறந்தால் அது லீனில் ஓடும். மாற்றிய ஜெட் எண்ணை மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள்.

புது கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் அளவாகக் கீழே இறக்குங்கள். லீன் பக்கத்திலிருந்து ஏறி வந்தால் முதல் தவறிலேயே பிஸ்டன் போய்விடும். நிறுவனமே சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறு அளவு வைத்திருந்தால் ஒழிய, எல்லா கார்புரேட்டரிலும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது பிளக் மாட்டி, திறந்த நீர்ப்பரப்பில், வேறு படகு அருகில் இல்லாதபோது, முழு த்ராட்டிலில் ஓரிரு நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் இக்னிஷனை அணையுங்கள். படகு சட்டென்று வேகம் இழக்கும், உட்காராதவர்கள் விழுந்துவிடுவார்கள், எல்லோரையும் முன்பே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கேயே பிளக்கைக் கழற்றி, பீங்கானின் அடிப்பகுதியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே இளம் பழுப்பு வளையம் தெரிந்தால் அந்த ஜெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெண்மை தெரிந்தால், ஆர்பிஎம் எவ்வளவு கூடியிருந்தாலும் சரி, இரண்டு அளவு பெரிய ஜெட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.